அடுப்பில்லாத வீட்டில் பால் காய்ச்சியது

சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் வாடகைக்கு இருந்த காலம் முழுவதும் என் மனைவி பாலைப் பொங்கி வழிய விட்டதில்லை. தைப்பொங்கலன்றுகூடப் பானைக்குப் பக்கத்தில் துணியோடு நிற்பாள். அடுப்பு கட்டடச் சொந்தக்காரனுடையது; கறை பிடித்தால் யார் பதில் சொல்வது? சொந்த வீட்டில் முதல் பால் வழிந்து ஓடவேண்டும், அது ஒன்றுதான் அவள் கேட்டது.

தொண்ணூறுகளின் நடுவில், நகரத்துக்கு வெளியே விட்பியில் ஒரு பழைய வீடு வாங்கினோம். வீட்டுத் திறப்பு கையில் கிடைத்த மறுநாள் காலை, ராகுகாலத்துக்கு முன்னர் பால் காய்ச்ச வந்தோம். வீடு வாங்கித் தந்த ஏஜென்றும் வந்திருந்தார். மனைவி பாலும் பானையுமாகக் குசினிக்குள் போனாள். போன வேகத்தில் திரும்பினாள்.

"இஞ்சாருங்கோ, அடுப்பு எங்கை?"

அடுப்பு நின்ற இடத்தில் தூசிதான் இருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "களவெடுத்துப் போட்டாங்கள்!" என்று கத்தினேன். வாடகை வீடுகளில் அடுப்பும் பிரிட்ஜும் வீட்டோடுதான் இருக்கும். விலைக்கு வாங்கினாலும் அப்படித்தான் என்று நானாக நினைத்திருந்தேன்.

ஏஜென்ற் பதறவில்லை. "அண்ணை, பிளக்கிலை குத்தினது வித்தவையின்ரை. சுவரிலை ஆணியடிச்சுப் பூட்டினதுதான் வீட்டோடை வரும். அடுப்பு வேணுமெண்டால் ஒப்பந்தத்திலை எழுதியிருக்கவேணும்."

"அதை இப்பவோ சொல்லுறது?" என்றேன்.

திரைச்சீலைக் கம்பிகள் சுவரில் பத்திரமாக நின்றன. அந்தத் துருப்பிடித்த கம்பி எனதாம், அடுப்பு எனதில்லையாம். நல்ல சட்டம்!

"ஹொலண்டிலை வீடு மாறுறவை நிலவிரிப்பையும் உரிச்சுக்கொண்டு போவினமெண்டு எங்கடை அண்ணை சொன்னவர். இஞ்சை நிலமாவது மிஞ்சிச்சே," என்றாள் மனைவி. சொல்லும்போதே குரல் உடைந்தது. ராகுகாலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் முன்னறையில் குளிர்காயச் செங்கல்லால் கட்டியிருந்த நெருப்பிடம் அவள் கண்ணில் பட்டது.

"உது ஆரின்ரை?"

"கட்டினதக்கா. உங்கடைதான்," என்றார் ஏஜென்ற்.

பின்வளவில் கிடந்த விறகைப் பொறுக்கி வந்து, மூன்று கல் அடுக்கிப் பற்றவைத்தேன். புகைபோக்கியின் மூடியைத் திறக்கவேண்டும் என்று யாருக்குத் தெரியும்? வீடு முழுக்கப் புகை. மேலே பூட்டியிருந்த புகைமணி அலறி ஊரைக் கூட்டியது.

"அதுவும் உங்கடைதான் அண்ணை."

எரிச்சலோடு எரிச்சலாகச் சிரித்துவிட்டேன். மூடியைத் தேடித் திறந்தபின் புகை மேலே போனது.

கடைசியில் பால் பொங்கியது. நுரை வழிந்து, நெருப்பில் சீறி, செங்கல்லெல்லாம் ஓடியது. பழக்கதோஷத்தில் நான் துணியை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"விடுங்கோ, கிடக்கட்டும். எங்கடை கல்லுத்தானே."