காந்தம் ஒட்டிய தரை

பழைய கார் தரகர் தனபால், துருவைப் பட்டி பூசி மறைத்து, "கல்லு மாதிரி கீது சார்" என்று எனக்கு ஒரு பியட்டை விற்றார். ஆறு வருடம் அதைப் புதுப்பிக்கப் பார்த்தேன். துரு என்னைவிட வேகமாக வேலை செய்தது.

பாதியில் விற்க முடிவெடுத்து விளம்பரம் கொடுத்ததும், தன் மகளின் கல்யாண ஊர்வலத்துக்கு வேண்டுமென்று போன் செய்தவர் அதே தனபால்! என்னை அவருக்கு நினைவில்லை. வண்டியின் நிறத்தையும் மாற்றியிருந்தேன். உத்திரமேரூரே பார்க்க, ஊர்வலத்தில் வண்டியின் தரை பெயரட்டும் என்று கறுவிக்கொண்டேன். தரகர்கள் காந்தம் வைத்துச் சோதிப்பார்கள், பட்டியில் அது ஒட்டாது என்பதால், தரை ஓட்டைகள்மேல் எண்ணெய் டின் தகரத்தை ஒட்டிக் கறுப்பு பெயின்ட் அடித்தேன்.

மகளோடு வந்தவர் தரையில் காந்தத்தை வைத்தார். ஒட்டியது.

"தரை எப்டி சார்?"

"கல்லு மாதிரி கீது." சொல்லும்போதே நாக்கு இனித்தது.

"ஏறிக் குந்து பாப்பா, ராணி மாதிரி கீற" என்றார் மகளிடம். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தூக்கினாள்.

"கால வெக்காதம்மா! தகரம் கிழிச்சிடும்!"

கத்தியது நான்தான்.

தனபால் தகரத்தைப் பெயர்த்தார். ஓட்டை வழியே மண் தெரிந்தது. குனிந்து, ஓரத்தில் இருந்த பழைய பட்டியை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது... நான் வித்த வண்டியா சார்?"

"உங்க வண்டிதான்."

மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும். தனபாலை இன்றும் நான் மன்னிக்கவில்லை. சரியான நேரத்தில் கத்திய என் வாயையும்தான்.