தனத்துக்கிட்ட தண்ணி கேட்ட பொண்ணு

தனத்தோட வாய்க்கு பயந்துகினு, கிரிவலம் வர்ற சாமியாருங்களே ரோட்ட மாறி நடப்பாங்க. அடி அண்ணாமலை கோயில் தாண்டி புளியமரத்து நிழல்ல அவ மோர்க்கடை. பக்கத்துல என் பூசை சாமான் கடை. இத்தன வருசமா அவ திட்டுறதையும் கேட்டுகினு, அவ மோரையும் குடிச்சிகினு இருக்கேன். கீழ்பென்னாத்தூர் பக்கம் வாழப்போனவ. புருசன் குடிச்சிட்டு கைய நீட்டுனப்போ, அவன் தட்டுல சோத்துக்குப் பதிலா களிமண்ண வெச்சிட்டு பஸ் ஏறி வந்துட்டா. ஆனா ஒண்ணு, தண்ணின்னு கேட்டவங்கள அவ ஒரு நாளும் சும்மா அனுப்புனதில்ல. திட்டிகினே குடுப்பா.

அப்படிப்பட்டவளத்தான், தண்ணி குடுத்த பாவத்துக்கு நடுரோட்ல நிக்க வெச்சாங்க.

டவுன்ல ஒரு கபடி கிளப்பு. சக்கரபாணி மாஸ்டர்னு ஒருத்தர் நடத்துறாரு. நெத்தி நெறைய விபூதி, வாயில எப்பவும் "வாங்கம்மா, நல்லாருக்கீங்களா". அவர்கிட்ட ஆடுன ரெண்டு பொண்ணு ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் போயி, ஒருத்தி போலீசாவும் ஆயிட்டா. போதாதா? பெத்தவங்க புள்ளைய கொண்டாந்து வுட்டுட்டு, "கண்ண மட்டும் வுட்டுட்டு தோல உரிச்சிடுங்க மாஸ்டர்"னு சொல்லிட்டுப் போவாங்க. அந்தாளும் சொன்னத செஞ்சாரு.

கபடியில சின்னப் புள்ளைங்களுக்கு எடைக் கணக்கு உண்டு. அதுக்கு மேல இருந்தா ஆட வுட மாட்டாங்க. அதனால செலக்‌ஷனுக்கு முன்னாடி, அடிக்கிற வெயில்ல, ஸ்வெட்டருக்கு மேல மழைக்கோட்டு மாட்டி மலையச் சுத்தி ஓட வுடுவாரு. சோறு கெடையாது, தண்ணி கெடையாது. எச்சிலக்கூட முழுங்காம துப்பிகினே ஓடணுமாம். அந்தாளு மட்டும் பின்னால பைக்ல வருவாரு. யாராச்சும் கேட்டா "வேண்டுதல்"னு சொல்லணும்னு சொல்லிக் குடுத்திருந்தாரு. வேற ஊரா இருந்தா நாலு பேராச்சும் என்னா ஏதுன்னு கேட்டிருப்பாங்க. இங்க? "இந்த வயசுல இன்னா பக்தி பாரு"ன்னு கையெடுத்துக் கும்பிட்டு, வீடியோ எடுத்துகினு போறானுங்க. த்தூ!

அதுல ஒரு பொண்ணு தென்றல். பதிமூணு வயசு, நல்ல வளத்தி. வளர்ற வயசுல எட ஏறாம பின்ன எறங்குமா? ஒரு நாள் மத்த பொண்ணுங்க முன்னால போயிட்டாங்க, பைக்கும் கண்ணுக்கு எட்டல. இது நைசா கடைக்குப் பின்னால வந்து, தனம் டம்ளர் கழுவுற பக்கெட்டுல தலைய வுட்டு குடிக்குது, மாடு குடிக்கிற மாதிரி.

"ஏய்! இன்னாடி பண்ற? எச்சத் தண்ணிடி அது!"

பொண்ணு நடுங்கிப்போயி, "வேண்டுதல்க்கா"ன்னா.

"எந்த சாமிடி கழுவுன தண்ணிய குடிக்கச் சொல்லுது?"ன்னு கத்திகினே தனம் ரெண்டு சொம்பு மோர் ஊத்திக் குடுத்தா. குடிச்சிட்டு, "மாஸ்டர்கிட்ட சொல்லிடாதக்கா"ன்னு அவ கையப் புடிச்சிகினா தென்றல்.

மறுநாள் செலக்‌ஷன்ல எட போட்டப்போ ஜாஸ்தி வந்துடுச்சு. டீம்ல பேரு இல்ல. மாஸ்டர் கேட்ட கேள்வியில மோர் குடிச்ச விசயமும் வெளிய வந்துடுச்சு.

சாயங்காலமே தென்றலோட அம்மா வேதா, கூட நாலஞ்சு பெத்தவங்கள இட்டுகினு கடைக்கு வந்துட்டா. வந்த வேகத்துல மோர்ப்பானைய எட்டி ஒதச்சாங்க. தனம் சும்மா இருப்பாளா? "பெத்தவளாடி நீ?"ன்னு கேட்டுட்டா. கேட்டதுதான், வேதா அப்படியே அவ கால்ல வுழுந்தா. "வெயில்ல கூலிக்கு மல்லாட்ட செடி புடுங்கியே என் காலம் போச்சுக்கா. இவளாச்சும் யூனிபார்ம் போடுவான்னு பாத்தேன். எங்க வாயில மண்ணப் போட்டுட்டியே. அடுத்த மாசம் ஒரே ஒரு செலக்‌ஷன் இருக்கு, அதையும் கெடுத்துடாதக்கா"ன்னு தரையில தலைய முட்டிக்கிறா. மாஸ்டர் நிழல்ல நின்னுகினு, "நான் ஒண்ணும் சொல்லலம்மா, பெத்த வயிறு எரியுது"ன்றாரு. என் கடை கற்பூரத்த என்னைக் கேக்காமயே எடுத்துக் கொளுத்தி, கிளப்பு புள்ளைங்களுக்கு ஒரு சொட்டு தண்ணி தர மாட்டேன்னு சத்தியம் பண்ணச் சொன்னாங்க. மெரட்டலுக்கு மசியிற ஆளு இல்ல தனம். ஆனா வேதாவோட அழுகைக்கு மசிஞ்சிட்டா. எரியுற கற்பூரத்த உள்ளங்கையால அணைச்சா.

"குடுக்க மாட்டேன்னுதான சத்தியம், சொல்ல மாட்டேன்னு இல்லியே"ன்னு மறுநாளே என் போன வாங்கி, புள்ளைங்களுக்கு உதவுற 1098 நம்பருக்கு புகார் பண்ணா. அங்கேர்ந்து ரெண்டு பேரு விசாரிக்க வந்தாங்க. எப்படிக் கேட்டாங்கன்னு நெனைக்கிறீங்க? மாஸ்டர பக்கத்துல வெச்சிகினே கேட்டாங்க. எல்லாப் பொண்ணுங்களும் ஒரே குரல்ல, "வேண்டுதல் சார்". தென்றலும்தான். வந்தவங்க டீ குடிச்சிட்டுப் போயிட்டாங்க. வாயுள்ள புள்ள பொழைக்கும்னு சொல்றாங்களே, அந்த வாயத்தான் மொதல்ல தெச்சி வெச்சிருக்கானே அந்தப் பாவி! அப்பால பைக்கு தென்றல் ஒருத்தி பின்னாலயேதான் வந்துச்சு.

அடுத்த செலக்‌ஷனுக்கு மொத நாளு. கடைக்கு எதுருல வந்து நின்னுட்டா தென்றல். ஒதடு வெடிச்சி ரத்தம் காஞ்சி கெடக்கு. தனம் சொம்ப எடுக்குறா, வைக்கிறா, மறுபடியும் எடுக்குறா. "வேணாங்க்கா, குடிச்சா ஏறிடும்"னு பொண்ணே சொன்னா. சொல்லி முடிக்கல, கீழ வுழுந்துட்டா. கையும் காலும் இழுக்குது. பின்னால வந்த பைக்கு அப்படியே திரும்பிப் போறத நான் பாத்தேன்.

கூடுன கூட்டம் இன்னா பண்ணுச்சு தெரியுமா? "சாமி வந்துடுச்சு"ன்னு சுத்தி நின்னு அரோகரா போட்டுச்சு. ஒருத்தி விபூதிய எடுத்து அந்தக் காஞ்ச நாக்குல போட்டா. புள்ளைக்கு மூச்சு அடைக்குது, இதுங்க கன்னத்துல போட்டுகினு நிக்குதுங்க.

"தள்ளுங்கடி! சாவப்போற புள்ளைய கும்புடுறீங்களே, நீங்கல்லாம் மனுசங்களா?"ன்னு தனம் பூந்தா. சத்தியமாவது மண்ணாவது. விபூதிய வெரல வுட்டு வழிச்சி எறிஞ்சா, மழைக்கோட்ட கிழிச்சா, இருந்த தண்ணியெல்லாம் அவ ஒடம்புல ஊத்துனா. நான் கடைய அப்படியே போட்டுட்டு கூடவே ஆட்டோவுல ஏறுனேன்.

ஆஸ்பத்திரியில டிரிப்ஸ் போட்டாங்க. கிட்னி அடி வாங்கியிருக்கு, இப்போ ஒண்ணும் சொல்ல முடியாதுன்னாரு டாக்டரு. ஓடியாந்த வேதா அதக் கேட்டுட்டு செவுத்தோரம் குந்திட்டா. எனக்கு அவள அறையவும் தோணுச்சு, கட்டிப் புடிச்சி அழவும் தோணுச்சு.

சாயங்காலம் தென்றலு கண்ணு முழிச்சா. அம்மாவப் பாக்கல, எங்களப் பாக்கல. மேல தொங்குற பாட்டிலத்தான் பாத்தா. "அது உள்ள போனா எவ்ளோ எட ஏறும்?"ன்னா. படக்குனு ஊசியப் புடுங்கிட்டா. துணியெல்லாம் ரத்தம். தனம் பாஞ்சி அவ கைய அமுக்கிப் புடிச்சா. "வுடுக்கா, நாளைக்கி எட போடணும், வுடுக்கா"ன்னு திமிறுறா பொண்ணு.

அப்போ வேதா போன் அடிச்சுது. மாஸ்டரு. "சரிங்க மாஸ்டர்... சரிங்க"ன்னு கேட்டுகினா. போன வெச்சிட்டு, பொண்ணு மூஞ்சியப் பாக்காமயே சொன்னா. "உன் எடத்துல வேற பொண்ண சேத்துக்கினாராம்."

திமிறிகினு இருந்த கை அப்படியே வுழுந்துடுச்சு. தென்றல் வாயத் தொறந்து அழுதா. நெஞ்சு குலுங்குது, தாடை நடுங்குது. தொடைச்சி வுடலாம்னு தனம் முந்தானைய எடுத்தா. தொடைக்க அவ கண்ணுல தண்ணியே இல்ல.