மூன்றாவது படத்துக்கும் நான்காவது படத்துக்கும் நடுவே

வெள்ளிக்கிழமை மதியம் தொலைபேசி மணி அடித்தபோது நான் வீட்டுக் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். கிள்ளானில் அந்த நேரத்துக்கு மழை வந்துவிடும். பேசியவர் சிவகாமியக்காவின் தம்பி குமரன். "மீனாக்கா, நம்ம அக்கா காலையில போயிட்டாங்க" என்றார். "எங்கே?" என்று கேட்டேன். அவர் அழுதார். நான் தொலைபேசியை வைத்துவிட்டு, மீதித் துணிகளையும் எடுத்து, ஒவ்வொன்றாக மடித்தேன். கடைசித் துண்டை மடித்து வைத்த பிறகுதான் அவர் சொன்னது எனக்குள் வந்து சேர்ந்தது.

பெட்டாலிங் ஜெயா தொழிற்சாலையில் எங்களோடு வேலை செய்தவர்களும், பிரிக்ஃபீல்ட்ஸில் சிவகாமியக்காவைக் 'கேமரா அக்கா' என்று அழைத்தவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று எண்ணி எழுதுகிறேன். அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த பலதும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒன்று உங்களில் பலருக்குத் தெரியாது.

மின்விசிறிக்குத் தகடு வெட்டும் தொழிற்சாலை அது. அக்கா தகட்டை அழுத்தி வெட்டும் அச்சு இயந்திரத்தில் வேலை செய்தார்; நான் அலுவலகத்தில் தட்டச்சு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் மதியம் இயந்திரத்தின் தலை இறங்கி அவருடைய வலக்கை ஆள்காட்டி விரலை நசுக்கியது. மருத்துவர்கள் விரலைக் காப்பாற்றிவிட்டார்கள். பார்ப்பதற்கு விரல் இருந்தது, கொஞ்சம் சப்பையாக, நகமில்லாமல். ஆனால் அதில் உணர்ச்சி இல்லை. தேநீர் சூடா இல்லையா என்று அதனால் சொல்ல முடியாது. அக்கா அதைக் கைக்குட்டைக்குள் வைத்துக்கொண்டே பேசப் பழகினார்.

விபத்துக்காக வந்த பணத்தில் அவர் ஒரு கேமரா வாங்கினார். வீட்டில் எல்லோரும் திட்டினார்கள். நாற்பது வயதில், திருமணமாகாத ஒரு பெண், நகை வாங்காமல் கேமரா வாங்குவதா என்று கேட்டார்கள். "போன விரலுக்குப் பதிலா ஒரு கண்ணு வாங்கியிருக்கேன், விடுங்க லா" என்று சொல்லிவிட்டார்.

அவர் எடுக்க விரும்பியது பறவைகளை. அமர்ந்திருக்கும் பறவை அவருக்கு வேண்டாம். அந்த நாட்களில் பிரிக்ஃபீல்ட்ஸை மாலை ஆறரை மணிக்குப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று புரியும். வடக்கிலிருந்து வரும் தகைவிலான் குருவிகள் ஆயிரக்கணக்கில் கடைத்தெருவுக்கு மேலே சுழலும். வெளிச்சம் மஞ்சளாகி, பிறகு ஊதாவாகி, கீழே ஊதுபத்திப் புகையும் பேருந்துப் புகையும் கலந்து எழும்பும்போது, தெருவே தண்ணீருக்கு அடியில் இருப்பது போலத் தோன்றும். குருவிகள் மீன்கூட்டம் போல ஒரே வீச்சில் திரும்பும். அக்கா நடைபாதை ஓரத்தில் நின்று, வாய் லேசாகத் திறந்திருக்க, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். பேருந்து வந்து போகும். ஏறமாட்டார்.

முதல் மூன்று பிலிம் சுருள்களிலும் ஒரு குருவிகூடத் தெளிவாக விழவில்லை. ஸ்டூடியோ வைத்திருந்த சீனர் ஆ சோங் படங்களை மேசைமேல் பரப்பிவைத்து, "வானம் ரொம்ப பாகுஸ் லா, தங்கச்சி. நல்ல வானம். ஆனா பறவை எங்கே?" என்று கேட்டார். அக்கா சிரித்தார். வெளியே வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

காரணம் அந்த விரல்தான். தானாக ஃபோகஸ் செய்யும் கேமரா அது. ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தினால் லென்ஸ் பறவையைப் பிடிக்கும். முழுதாக அழுத்தினால் படம் எடுக்கும். பாதி எது, முழுது எது என்று விரல் நுனிதான் சொல்ல வேண்டும். அக்காவின் விரல் நுனி எதுவும் சொல்லாது. லென்ஸ் தேடி முடிக்கும் முன்பே விரல் முழுதாக இறங்கிவிடும். நடுவிரலால் முயன்றார், கேமரா ஆடியது.

ஒரு சனிக்கிழமை அவர் என் மேசைக்கு வந்து கேமராவோடு வந்த கையேட்டை வைத்தார். "மீனா, நீ இங்கிலீஷ் படிச்சவ. இதுல எனக்கு ஏதாச்சும் வழி இருக்கான்னு பாத்துச் சொல்லு."

இரண்டு வாரம் படித்தேன். கடைசிப் பக்கங்களில், சிறிய எழுத்தில் இருந்தது. கேமராவின் பின்பக்கத்தில், வலக்கைக் கட்டைவிரல் தானாகப் போய் உட்காரும் இடத்தில், நட்சத்திரக் குறியிட்ட ஒரு சிறு பொத்தான். ஓர் அமைப்பை மாற்றினால் ஃபோகஸ் வேலை முழுவதும் அந்தப் பொத்தானுக்குப் போய்விடும். ஷட்டர் பொத்தானுக்குப் படம் எடுப்பது மட்டுமே மிச்சம். கட்டைவிரலை அழுத்திக்கொண்டே இருந்தால் லென்ஸ் பறவையை விடாமல் தொடரும். விரலை எடுத்தால் ஃபோகஸ் அந்தத் தூரத்திலேயே நிற்கும்.

அதை மாற்றிக்கொடுத்தேன். அக்கா கேமராவைக் கண்ணில் வைத்து, தொழிற்சாலை வாசலில் போன மோட்டார் சைக்கிளைத் தொடர்ந்தார். பிறகு ஒரு லோரியை. பிறகு வேலிக்கு மேலே பறந்த மைனாவை. கேமராவை இறக்கியபோது அவர் முகம் தூங்கி எழுந்த குழந்தையின் முகம்போல இருந்தது.

"ரெண்டு வேலையையும் ஒரே விரல்கிட்ட குடுத்து வச்சிருந்தாங்க மீனா. பாக்குறது ஒரு வேலை. எடுக்குறது வேற வேலை."

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சேர்ந்து போனோம். நான் வெறுமனே கூட இருந்தேன். பை தூக்கினேன், பிலிம் மாற்றிக்கொடுத்தேன். மின்கம்பங்களுக்கு நடுவே பறக்கும் குருவியை எப்படி விடாமல் பிடிப்பது என்று அவராகவே கண்டுபிடித்தார். கம்பம் குறுக்கே வரும் நொடியில் கட்டைவிரலை எடுத்துவிடுவார். லென்ஸ் கம்பத்துக்குத் தாவாமல், பறவை இருந்த தூரத்திலேயே காத்திருக்கும். கம்பம் கடந்ததும் மறுபடி அழுத்துவார். "குறுக்க வர்றதப் பாக்காத, கைய எடுத்துட்டு சும்மா இரு. அது தானா போயிடும்" என்பார். இதை அவர் குருவிகளைப் பற்றித்தான் சொன்னார். நான்தான் மற்ற பலவற்றுக்கும் வைத்துக்கொண்டேன்.

ஒரு கும்பாபிஷேகத்தில் நடந்ததைப் பிரிக்ஃபீல்ட்ஸ்காரர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கலசத்தில் நீர் ஊற்றும் நேரத்தில் மேலே கருடன் வட்டமிட, கூட்டம் முழுவதும் கையெடுத்துக் கும்பிட்டது. அக்கா மட்டும் கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற பெரியவர், "ஏம்மா, கும்புடமாட்டியா?" என்று அதட்டினார். "இப்படிப் பாக்குறதும் கும்புடுறதுதான் அங்கிள்" என்றார் அக்கா, கண்ணை எடுக்காமலே. பெரியவர் அடுத்த வாரம் அந்தப் படத்தின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அந்தக் கருடனைத்தான், செம்பருந்தைத்தான், அவர் ஓராண்டாகத் தேடிக்கொண்டிருந்தார். கிள்ளான் துறைமுகத்தின் மீன்படகுத் துறையில் அவை கூட்டமாக வரும். படகுக்காரர்கள் மீன் கழிவை நீரில் எறிவார்கள். பருந்துகள் சரிந்து வந்து, நீரைத் தொட்டு, எடுத்துக்கொண்டு மேலேறும். அந்தத் தொடும் கணம் வேண்டும் என்றார் அக்கா. ஏன் அதுவே வேண்டும் என்று ஒரு ஞாயிறு காலையில் கேட்டேன். பலகைத் துறையில் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தோம்.

"அன்னிக்கி மெஷின் எறங்குச்சுல்ல, அந்த நொடி எனக்கு ஞாபகமே இல்ல. கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. முன்னாடி தகடு இருக்கு, பின்னாடி ரத்தம் இருக்கு. நடுவுல ஒண்ணுமே இல்ல. நான் வேற எங்கயோ பாத்துட்டேன்னு பேப்பர்ல எழுதுனாங்க. பாத்தேனோ என்னவோ. எனக்கே தெரியல மீனா. ஒரு தடவையாச்சும் ஒரு நொடிய முழுசாப் பாக்கணும்."

நான் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் காகிதத்தை, விபத்து அறிக்கையை, தட்டச்சு செய்தவள் நான். நிர்வாகி சொல்லச் சொல்ல அடித்தேன்: கவனக்குறைவு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே சாட்சி என்று ஒரு கோடு இருந்தது. "யாராவது ஒருத்தர் போடணும், நீயே போட்டுடு" என்றார். விபத்து நடந்தபோது நான் சிற்றுண்டிச்சாலையில் மீ கோரேங் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கையெழுத்துப் போட்டேன்.

அந்த ஞாயிறு காலையில் ஆற்று முகத்தில் மூடுபனி. படகுகள் தெரியாமல், அவற்றின் சத்தம் மட்டும் வந்தது. எந்த இடத்தில் நீர் முடிந்து வானம் தொடங்குகிறது என்று சொல்ல முடியாத வெண்மை. அதற்குள்ளிருந்து பருந்துகள் ஒவ்வொன்றாக, யாரோ நினைத்துப் பார்ப்பதனால் உருவாகிறவைபோல, செம்பழுப்பாக வெளிப்பட்டன. அக்கா எழுந்து நின்றார். ஒன்று சரிந்தது. அவருடைய கட்டைவிரல் அழுந்தியது. படகின் கம்பம் ஒன்று குறுக்கே வந்தது, விரல் எழுந்தது, கம்பம் போனது, விரல் மறுபடி அழுந்தியது. உணர்ச்சியற்ற அந்தச் சப்பை விரல் ஷட்டரின்மேல் இறங்கி அங்கேயே நின்றது. வினாடிக்கு ஐந்து படமென கேமரா படபடத்தது. பருந்து மூடுபனிக்குள் திரும்பிப் போன பிறகும் அவர் அப்படியே நின்றிருந்தார்.

"கெடச்சிருச்சு" என்றார், மிக மெல்ல.

புதன்கிழமை மாலை வேலை முடிந்து ஸ்டூடியோவுக்குப் போனோம். ஆ சோங் பிலிம் பட்டையை விளக்குப் பெட்டியின்மேல் வைத்து, உருப்பெருக்கியை அக்காவின் கையில் கொடுத்தார். அக்கா வெகுநேரம் குனிந்திருந்தார். பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார்.

முதல் படத்தில் பருந்து மேலே. இரண்டாவதில் இறக்கை மடித்துச் சரிகிறது. மூன்றாவதில் கால்கள் நீட்டியிருக்கின்றன, நகங்களுக்கும் நீருக்கும் நடுவே ஒரு சாண். நீர் கண்ணாடிபோல, சுருக்கமே இல்லாமல். எல்லாம் ஊசிமுனைத் தெளிவு, கண்ணின் வட்டம்கூடத் தெரிந்தது. நான்காவது படத்தில் பருந்து மேலேறிக்கொண்டிருக்கிறது. காலில் மீன். கீழே துளிகள்.

தொடும் கணம் எதிலும் இல்லை.

எனக்கு அழுகை வந்தது, அவருக்காக. ஆனால் அக்கா உருப்பெருக்கியை வாங்கி மறுபடி பார்த்தார். இரண்டு படங்களுக்கும் நடுவே இருந்த கறுப்புக் கோட்டின்மேல் அந்தச் சப்பை விரலை வைத்தார்.

"இதுக்குள்ள நடந்திருக்கு" என்றார். "கேமரா கண்ண மூடல, வேற எங்கயும் பாக்கல. நேராப் பாத்துக்கிட்டே இருந்துச்சு. அதுக்கே தெரியலயே மீனா. எனக்கு எப்படித் தெரியும்?"

பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். ஆ சோங் ஒன்றும் புரியாமல் அவரும் சிரித்தார்.

வெளியே வந்தோம். தலைக்கு மேலே தகைவிலான்கள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு பூக்கடை ஓரமாக நின்று சொன்னேன். "அக்கா, அந்தப் பேப்பர்ல சாட்சின்னு கையெழுத்துப் போட்டது நான். நான் அங்க இல்லவே இல்ல."

"தெரியும்" என்றார்.

"எப்படிக்கா?"

"உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? மாசாமாசம் ஓவர்டைம் சீட்டுல பாக்குறேன்."

"தெரிஞ்சுமா என்கிட்ட அந்தக் கேமரா புத்தகத்தக் குடுத்தீங்க?"

அக்கா பூக்கடைப் பக்கம் திரும்பினார். மல்லிகைச் சரம் ஒன்றை வாங்கினார். பாதியைக் கிள்ளி என்னிடம் நீட்டினார். "அந்தப் பேப்பரப் பாத்த மொத நாளு உன்ன ரெண்டு அறை அறையணும்னுதான் வந்தேன். நீ அந்த டைப்ரைட்டர் முன்னாடி குனிஞ்சு உக்காந்திருந்த. நிமிரவே மாட்டேங்கிற. சரி, இவளும் என்ன மாதிரிதான் கைய மறைச்சுக்கிட்டு இருக்கான்னு நெனச்சேன். நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

மறுநாள் காலை நானே ஒரு கடிதம் அடித்தேன். விபத்தை நான் பார்க்கவில்லை, சிற்றுண்டிச்சாலையில் இருந்தேன், என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன். நிர்வாகி, "ரெண்டு வருஷம் கழிச்சு எதுக்கு இந்த சுசா, தொல்லை எல்லாம்?" என்றார். தொழிலாளர் அலுவலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து அதிகாரி ஒருவர் வந்தார். யாரும் அதுவரை கேட்காத கேள்வியைக் கேட்டார்: இயந்திரத்துக்கு முன்னால் தடுப்பு இருந்ததா? இல்லை. அதன் பிறகு எல்லா அச்சு இயந்திரங்களுக்கும் தடுப்புக் கம்பி வந்தது. கை உள்ளே இருந்தால் தலை இறங்காது. அங்கே வேலை செய்த உங்களில் சிலர் அது எப்படி வந்தது என்று இன்றுதான் அறிகிறீர்கள். என்னைச் சரக்குக் கிடங்குக்கு மாற்றினார்கள். ஆறு ஆண்டுகள் அங்கே இருந்தேன், பெரிய துன்பம் ஒன்றுமில்லை.

கோப்பில் புதிய பக்கம் சேர்க்கப்பட்டது. பழைய பக்கத்தை எடுக்கவில்லை. எனக்கு அது உறுத்தியது. அக்காவிடம் சொன்னேன். "பழசு இருந்துட்டுப் போகட்டும்லா. புதுசு மேல இருக்குல்ல, அது போதும்" என்றார். அதற்குப் பிறகு அவர் கையில் கைக்குட்டையை நான் பார்த்ததில்லை.

தொடும் கணத்தை அவர் பின்னர் எடுத்தாரா என்று கேட்பீர்கள். எடுக்கவில்லை. தேடவும் இல்லை. குருவிகளுக்கே திரும்பிவிட்டார். போன வருடம் உடம்பு தளர்ந்து மருத்துவமனையில் கிடந்தபோது, சன்னல் ஓரப் படுக்கை கேட்டு வாங்கினார். நான் போயிருந்த ஒரு மாலையில் வெளியே ஏதோ பறந்தது. போர்வைக்கு வெளியே கிடந்த அவருடைய கட்டைவிரல் மெதுவாக அழுந்தி, சற்று நேரம் அப்படியே இருந்து, பிறகு எழுந்தது.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது படமோ கேமராவோ அல்ல. அவற்றைக் குமரனின் வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பார்க்காததைப் பார்த்ததாக எங்கும் எழுதக் கூடாது என்ற ஒன்றை மட்டும் வைத்திருக்கிறேன். நேற்று நாளிதழில் வந்த அறிவிப்பில், அவர் அமைதியாக இயற்கை எய்தினார் என்று போட்டிருந்தார்கள். இருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று மனம் கேட்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் நான் அவர் அருகில் இல்லை. வியாழக்கிழமை மாலை நான் பார்க்கப் போனபோது அவர் சன்னலைப் பார்த்துப் படுத்திருந்தார், வெளிச்சம் முகத்தில் இருந்தது. அதை நான் பார்த்தேன்.