மத்தியானத்தில் மங்கும் திரை

எடைக்கல் போய்விட்டார் என்று கேள்விப்பட்டு வந்த லாரி டிரைவர்களில் பாதிப் பேர் துக்கம் விசாரிக்க வரவில்லை. சேதி உண்மைதானா என்று பார்த்துவிட்டுப் போக வந்தார்கள். மகளுக்கு அப்படித்தான் பட்டது. செருப்பைக் கழற்றும் முன்பே வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் வாய்விட்டே சொன்னார்: "எழுந்து வந்து திட்டிடுமோன்னு இன்னும் பயமா இருக்கும்மா." மகள் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகையே வந்தது.

எடைக்கல் என்பது அவள் அம்மாவுக்கு டிரைவர்கள் வைத்த பெயர். ஜல்லி உடைக்கும் ஆலைகளுக்குப் போகும் சாலையில் ஒரு எடை மேடை இருக்கிறது. லாரி அதன் மேல் ஏறி நிற்கும். பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு கேபின். அதில் ஜன்னலோரம் ஒரு நாற்காலி. உட்கார்ந்தபடியே வண்டியின் எல்லாச் சக்கரமும் மேடையில் ஏறிவிட்டதா, யாராவது மேடையில் கால் வைத்து நிற்கிறார்களா என்று பார்க்கலாம். பார்த்துவிட்டு எடையைப் பதிந்து சீட்டுக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அங்கே அவர் முதலில் வந்தது மேடைத் தூசியைக் கூட்ட. புருஷனும் லாரி டிரைவர்தான். ஒரு நடைக்குப் போனவர் வேறு ஊரில் வேறு குடும்பமாகத் தங்கிவிட்டார். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே கூட்டினார். கேபினில் இருந்த கணக்குப்பிள்ளை டிரைவர்களோடு கை கோத்துக்கொண்டு எடையைக் கூட்டியும் குறைத்தும் போட்டு மாட்டினான். அவனைத் துரத்திய அன்று முதலாளி சுற்றிலும் பார்த்தார். யாரோடும் சிரித்துப் பேசாத ஆள் ஒருவர்தான் இருந்தார். "எண்ணு படிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். "தெரியாமலா நீங்க குறைச்சுக் குடுக்குற கூலியைக் கண்டுபிடிச்சேன்?" என்றார் இவர். நாற்காலி கிடைத்தது.

அதற்குப் பிறகு அந்தச் சாலையில் அவரோடு மல்லுக்கு நிற்காத டிரைவர் கிடையாது. பின் சக்கரம் ஒரு விரற்கடை வெளியே நின்றாலும் விடமாட்டார். கெஞ்சினால் கேட்கமாட்டார், மிரட்டினால் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிடுவார். அந்த நாற்காலியில் இருந்துதான் மகளைப் படிக்க வைத்தார். மகள் எலக்ட்ரானிக்ஸ் படித்து, செல்போனும் டேப்லெட்டும் பழுது பார்க்கும் ஒரு சர்வீஸ் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். "அம்மா, இனிமே வீட்ல இரு" என்று அன்றிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். "வீட்ல யாரோட சண்டை போடுறது? உன்னோடயா? நீ ரெண்டு வார்த்தைக்கு மேல பேசவே மாட்ட" என்பார் எடைக்கல்.

பழைய முதலாளி போய் அவர் மகன் முதலாளி ஆனான். அவன்தான் டேப்லெட்டைக் கொண்டுவந்தான். கறுப்பு ரப்பர் உறை போட்டு, ஜன்னலுக்குக் கீழே இரும்புப் பலகையில் நிறுத்தி, சார்ஜரைச் செருகிவிட்டுப் போனான். வண்டி எண்ணையும் எடையையும் அதில் தட்டினால் பக்கத்துப் பெட்டியில் இருந்து சீட்டு வரும். எடைக்கல் ஒரே நாளில் பழகிக்கொண்டார். வெயில் காலம் தொடங்கும்வரை ஒரு தொல்லையும் இல்லை.

தொடங்கிய பிறகு மத்தியானம் ஆனால் திரை மங்கும். காலையில் பளிச்சென்று இருப்பது சாப்பாட்டு நேரம் தாண்டினால் அழுக்குத் தண்ணீர் போல ஆகிவிடும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கோட்டைக் கடைசிவரை தள்ளினாலும் ஏறாது. எதைத் தட்டினோம் என்று தட்டிய விரலுக்கே தெரியாது. ஒரு நாள் ஒரு சீட்டில் எடை தப்பாக விழுந்தது. ஜல்லி வாங்கியவர் சீட்டை எடுத்துக்கொண்டு வந்து முதலாளியிடம் குதித்தார். மறுவாரம் இன்னொரு சீட்டு.

"அக்கா, கண்ணு போச்சு உங்களுக்கு" என்றான் முதலாளி.

"என் கண்ணு இருக்குற இடத்துலதான் இருக்கு தம்பி. உங்க பொட்டிக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சு."

"காலைல வந்து பார்த்தேனே, நல்லாத்தானே இருந்துச்சு?"

"மத்தியானம் வந்து பாருங்க."

மத்தியானம் அவன் எப்படி வருவான்? அந்த நேரத்தில் அவன் தூங்குவான். வருவது அவன் மச்சினன். மனைவியின் தம்பி, வேலை என்று ஒன்று இல்லாதவன். சாப்பிட்டுவிட்டு நேராகக் கேபினுக்கு வந்து, மின்விசிறிக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு, செல்லில் எதையாவது பார்த்துக்கொண்டு வெயில் தாழும்வரை கிடப்பான். நடுவில் நாற்காலியை ஒரு பார்வை பார்ப்பான். அந்தப் பார்வை எடைக்கல்லுக்குப் புரியும்.

இதில்தான் அவர் மனசில் ஒரு கணக்கு விழுந்தது. இவன் வருகிறான், வெளிச்சம் போகிறது. இவன் போகிறான், வெளிச்சம் வருகிறது. இவன் கையிலோ எப்போதும் செல். வேறென்ன வேண்டும்?

"செல்லை வெச்சு அங்க உக்காந்துகிட்டே கொறைக்கிறான்டீ" என்றார் மகளிடம்.

மகள் டேப்லெட்டை வாங்கி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனாள். குளிரூட்டிய அறை, அவள் மேசை. தானாக வெளிச்சம் மாற்றும் அமைப்பு அணைந்திருந்தது. பேட்டரியை மிச்சம் பிடிக்கும் அமைப்பும் அணைந்திருந்தது. திரைக்கு உள்ளே எரியும் விளக்குகளில் குறை இல்லை. வெளியில் இருந்து யாரும் நுழைந்த தடயமும் இல்லை. நாள் முழுக்க எரிய விட்டாள். பால் மாதிரி எரிந்தது.

"ஸ்க்ரீன்ல ஒண்ணும் இல்லம்மா."

"அப்ப நான் பொய் சொல்றேன்?"

"பொய் இல்ல. வெளிய வெயில்ல பார்த்துட்டு உள்ள திரும்புனா மங்கலாத்தான் தெரியும். வயசாயிடுச்சுல்ல. டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன்."

எடைக்கல் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்தார். அன்று ராத்திரி வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசின. விளக்கை அணைக்கப் போகும்போது சொன்னார்: "நான் வீட்ல உக்காரணும், அதானே உனக்கு வேணும்? அவனுக்கு நாற்காலி வேணும், உனக்கு நான் நாற்காலிய விட்டு எந்திரிக்கணும். ரெண்டு பேரும் ஒரு கட்சி."

"அம்மா, உளறாத."

"உளறுறேன். கண்ணும் போச்சு, மூளையும் போச்சு. ரெண்டுக்கும் சேர்த்து டாக்டரைப் பாரு."

மறுநாள் மத்தியானம் திரை மங்கியது. வெளியே வண்டிகள் வரிசையில் ஹாரன் அடித்தன. மச்சினன் செல்லைப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்தான். எடைக்கல் எழுந்தார், செல்லைப் பிடுங்கினார், கதவைத் திறந்தார், எதிரே இருந்த ஜல்லிக் குவியலில் வீசி எறிந்தார்.

"திருட்டு நாயே! உழைச்சுத் தின்ன வக்கில்ல, அடுத்தவ நாற்காலிக்குக் குழி தோண்டுறியா?"

டிரைவர்கள் வண்டிகளை விட்டு இறங்கி வேடிக்கை பார்த்தார்கள். மச்சினன் குவியலில் ஏறினால் சறுக்கியது. சறுக்கினால் டிரைவர்கள் விசிலடித்தார்கள். செல் கீறலோடு கிடைத்தது. அவன் முகத்தில் ஈ ஆடவில்லை. சாயங்காலம் முதலாளியே வந்தான். இந்தத் தடவை அக்கா என்று கூப்பிடவில்லை.

"திங்கட்கிழமையில இருந்து அவன் உக்காருவான். நீங்க வர வேண்டாம்."

எடைக்கல் வீட்டுக்கு வந்து மகளிடம் நடந்ததை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். கெஞ்சுவது அவருக்கு வராது. அதனால் உத்தரவு போட்டார்: "நாளைக்கு சனிக்கிழமை. லீவு போட்டுட்டு மத்தியானம் வந்து என் பக்கத்துல உக்காரு. அப்பவும் கண்ணுதான்னு சொன்னா, நீ சொன்ன இடத்துக்கு வரேன். அதுக்கப்புறம் எடை மேடைப் பேச்சே எடுக்க மாட்டேன்."

மகளுக்கு உள்ளுக்குள் நிம்மதிதான். சாயங்காலத்துக்கு டாக்டரிடம் சொல்லி வைத்துவிட்டுத்தான் போனாள்.

கேபினுக்குள் நுழைந்ததும் மூச்சு முட்டியது. தகரக் கூரை அனலைக் கொட்டியது. வெயில் ஜன்னல் வழியே இறங்கி நேராக இரும்புப் பலகை மேல் விழுந்தது. மச்சினன் வழக்கம் போல மின்விசிறியை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். செல்லைச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்து, மேலே கையையும் வைத்திருந்தான். எடைக்கல் யாரையும் பார்க்காமல் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது வண்டி இறங்கும்போது திரை மங்கியது.

மகள் கண்ணைக் கசக்கினாள். குனிந்து பார்த்தாள். வெளிச்சக் கோடு கடைசியில் நின்றது; திரை இருண்டு கிடந்தது. அவளுக்கும் மங்கலாகத்தான் தெரிந்தது. அவளுக்கு இன்னும் முப்பதுகூட ஆகவில்லை.

"தெரியுதா, இல்ல உனக்கும் வயசாயிடுச்சா?" என்றார் எடைக்கல், ஜன்னலை விட்டுத் திரும்பாமல்.

மகள் டேப்லெட்டைத் தூக்கப் போய்க் கையை உதறினாள். பின்பக்கம் இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதித்தது. மேலே வெயில், கீழே இரும்பு, சுற்றி ரப்பர், போதாததற்கு நாள் முழுக்க ஏறும் சார்ஜ். அவள் அதைக் குளிர்ந்த அறையில் வைத்துச் சோதித்திருக்கிறாள். அங்கே எத்தனை நாள் எரிந்தாலும் இந்தக் குறை வந்தே இருக்காது.

"மின்விசிறிய விட்டு நகருங்க" என்றாள் மச்சினனிடம்.

"நான் ஒண்ணும் பண்ணல!"

"பண்ணலன்னு தெரியும். நகருங்க."

சார்ஜரைப் பிடுங்கினாள். ரப்பர் உறையை உரித்தாள். டேப்லெட்டை நிழலில், காற்றுக்கு எதிரே பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே ஹாரன் அடித்த டிரைவரை எடைக்கல் ஒரு முறை முறைத்தார், ஹாரன் நின்றது. கொஞ்ச நேரம் பொறுத்துத் திரை தானாகவே பளிச்சென்று ஏறியது. யாரும் அதைத் தொடவில்லை.

"சூடும்மா. உள்ள சூடு ஏறுனா எரிஞ்சு போகாம இருக்க அதுவே வெளிச்சத்தைக் கொறைச்சுக்கும். நாம எவ்வளவு ஏத்துனாலும் கேக்காது. ஆறுனா திரும்ப வரும்."

"அப்ப யாரும் செய்யல?"

"யாரும் செய்யல."

எடைக்கல்லின் முகம் தொங்கிப்போனது. ஜெயித்தவர் முகம் மாதிரியே இல்லை. மச்சினனை எத்தனை விதமாகத் திட்டலாம் என்று ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்தார். இப்போது அவ்வளவையும் யார் தலையில் கொட்டுவது? மேலே பார்த்தார். கூரைதான் இருந்தது. கடைசியில் மகள் பக்கம் திரும்பினார்.

"சாயங்காலம் டாக்டர்கிட்ட நீ போ. கண்ணு முன்னால இருக்கறது தெரியாதது உனக்குத்தான்."

மகள் போன் போட்டு முதலாளியைத் தூக்கத்தில் இருந்து எழுப்பினாள். அவன் கண்ணைத் துடைத்தபடி வந்தான். அவன் கண்ணெதிரே டேப்லெட்டைப் பழையபடி உறையோடு, சார்ஜரோடு வெயிலில் வைத்தாள். மங்கியது. எடுத்து ஆற வைத்தாள். தெளிந்தது. அவன் இரண்டு தடவை பார்த்தான். பிறகு நாற்காலியைப் பார்த்தான், மச்சினனைப் பார்த்தான், தன் மனைவியையும் நினைத்துப் பார்த்திருப்பான்.

"சரிக்கா, உங்க கண்ணுல குத்தம் இல்ல. நீங்களே உக்காருங்க. ஆனா அத்தனை டிரைவர் முன்னால அவனைத் திருடன்னு சொன்னீங்க. அதே மாதிரி அத்தனை பேர் முன்னால ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுடுங்க. இல்லாட்டி வீட்ல என்னால தலை காட்ட முடியாது."

எடைக்கல் வாழ்நாளில் யாரிடமும் கேட்காத வார்த்தை அது. இவ்வளவும் செய்து கடைசியில் இந்த ஒரு வார்த்தையில் நாற்காலி போய்விடும் என்று மகள் நினைத்தாள். போகட்டும் என்று நினைக்க வேண்டியவள் அவள்தான். ஆனால் போகக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

எடைக்கல் கதவைத் திறந்து வெளியே வந்தார். வரிசையில் நின்ற டிரைவர்கள் தலையை வெளியே நீட்டினார்கள். மச்சினன் படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இவன் செய்யல. வெயில் செஞ்சுது." மூச்சு வாங்கினார். "ஆனா முடிஞ்சிருந்தா செஞ்சிருப்ப. இல்லையாடா?"

முதலாளி நெற்றியில் அடித்துக்கொண்டான். டிரைவர்கள் மச்சினன் வாயையே பார்த்தார்கள். அவன் ஜல்லிக் குவியலைப் பார்த்தான், தன் செல்லின் கீறலைத் தடவினான்.

"செஞ்சிருப்பேன்" என்றான். "எப்படின்னு தெரியாமப் போச்சு."

முதலில் சிரித்தது வரிசையில் மூன்றாவதாக நின்ற லாரி. அப்புறம் எல்லாரும். எடைக்கல் சிரிக்கவில்லை. ஆனால் அவனை மேலும் கீழும் பார்த்தார், முதல் தடவையாக ஒரு ஆளைப் பார்ப்பது போல. "பரவாயில்ல, பொய் சொல்ல வரல உனக்கு" என்றார். மன்னிப்பு என்று யாரும் அதற்குப் பிறகு பேசவில்லை.

மிச்சம் இருந்தது டேப்லெட்டுக்கு இடம். மகள் உள்சுவர் ஓரம் வைக்கச் சொன்னாள். அங்கே வெயில் வராது.

"மேடைக்கு முதுகைக் காட்டிகிட்டா? அவனுங்க மேடையில குடும்பத்தையே ஏத்தி நிறுத்துவானுங்க. ஜன்னலை விட்டு நகர மாட்டேன்."

"அப்ப ஜன்னலுக்கு வெளிய மறைப்புப் போடணும்."

ஒரு தகரத்தை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறியது மச்சினன்தான். முதலாளி சொல்லியா, தானாகவா என்று தெரியவில்லை. ஏணியை மகள் பிடித்துக்கொண்டாள். எடைக்கல் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கத்தினார்.

"இன்னும் கீழ இறக்கு. இறக்குடா! ஐயோ, அவ்வளவு இல்ல, அந்தப் பின் சக்கரம் மறையுது. மேல ஏத்து."

"ஒரு இடத்துல நில்லுங்கன்னு உங்க அம்மாகிட்டச் சொல்லுங்க" என்றான் அவன் கீழே பார்த்து.

"நீங்களே சொல்லுங்க" என்றாள் மகள்.

அவன் ஆணியை அடித்தான். பலகையில் நிழல் விழுந்தது. எடைக்கல் உறையில்லாத டேப்லெட்டை அந்த நிழலில் நிறுத்தி, விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். பிறகு வரிசையில் முதலில் நின்ற லாரிக்குக் கை காட்டினார். லாரி மேடையில் ஏறியது. டிரைவர் எட்டிப் பார்த்து, "என்னக்கா, கண்ணு திரும்ப வந்துடுச்சா?" என்றார்.

"உன் பின் சக்கரம் இன்னும் மேடைக்கு வரல. ஏத்து."