டோம்பிவிலி தூரத்தில் மெட்ராஸ்

பம்பாயிலிருந்து மெட்ராஸ் எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால், இன்றைக்கும் என் வாயில் முதலில் வருவது டோம்பிவிலிதான். ஏழு வயதில் நான் போட்ட கணக்கு அது. கணக்கில் பிழை இருந்ததாக இப்போதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தாராவியில் எங்களோடு அம்மாவின் தங்கை, என் சித்தி, இருந்தாள். தாய் தகப்பன் போன பிறகு அம்மாதான் அவளை வளர்த்தாள். எனக்குத் தலை பின்னுவது, பேன் பார்ப்பது, தூங்கவைப்பது எல்லாம் சித்திதான். அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளைக்கு மெட்ராஸ் மீனம்பாக்கத்தில் விமானத்துக்குச் சாமான் ஏற்றுகிற வேலை. புதுப் பெண்டாட்டியை அழைத்துப்போக கம்பெனியில் இலவச டிக்கெட் கொடுத்திருந்தார்கள். எங்கள் சந்தில் விமானம் ஏறும் முதல் ஆள் சித்தி. எனக்குத் தலைகால் புரியவில்லை.

“ரயில்னா ஒரு ராத்திரியும் பகலும் தாண்டும். இது அறுநூறு மைலுக்கு ரெண்டே மணி நேரம்” என்று அப்பா சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இரண்டு மணி நேரமா? பம்பாய்ப் புறநகர் டோம்பிவிலியிலிருந்து பெரியப்பா லோக்கல் ரயில் பிடித்து, குர்லாவில் இறங்கி, பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வரவும் அவ்வளவு நேரம்தானே ஆகும்! அவர் ஞாயிறு தவறாமல் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார். சித்திக்கு மட்டும் என்ன கஷ்டம்?

சாந்தாகுரூஸ் விமான நிலையத்தில் அம்மா சித்தியைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையைப் பார்த்து எனக்கு எரிச்சலாக வந்தது.

“அழுவாதம்மா. டோம்பிவிலி தூரந்தான? ஞாயித்துக்கெழம வந்துருவா.”

அப்பா சிரித்தார். மாப்பிள்ளையும் சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை. என் கன்னத்தைப் பிடித்து, “ஆமாளா, வந்துருதேன்” என்றாள்.

ஞாயிறு காலையிலிருந்தே சந்து முனையில் நின்றேன். தலைக்கு மேலே விமானம் இறங்கும்போதெல்லாம் உள்ளே ஓடி, “சித்தி வந்தாச்சு!” என்று கத்தினேன். வந்தது பெரியப்பாதான். மத்தியானம் ஆனதும் பொறுக்க முடியாமல் தரையில் புரண்டு அழுதேன். சித்தி இல்லாமல் நான் எப்படித் தூங்குவேன்?

“ஏளா, அது மெட்ராசு. நெனச்ச நேரம் வர முடியுமா?” என்றார் பெரியப்பா.

“நீங்க மட்டும் வாராவாரம் வாரியள்லா?”

அவர் அம்மாவைப் பார்த்தார்.

அம்மா எல்லோருக்கும் சோறு போட்டாள். வஞ்சிர மீனை ஆளுக்கு ஒரு துண்டு என்றுதான் எப்போதும் வாங்குவாள். அன்றைக்குச் சட்டியில் ஒரு துண்டு கூடுதலாகக் கிடந்தது. அதை எடுத்து என் தட்டில் வைத்தாள். அட, அம்மாவும் என் கணக்கை நம்பித்தான் இருந்திருக்கிறாள்! பாவமாகப் போயிற்று. பாதியைப் பிய்த்து அவள் வாயில் ஊட்டினேன்.

அவளால் விழுங்க முடியவில்லை. கண் கலங்கிவிட்டது. தொண்டையில் முள் என்றாள். வஞ்சிரத்தில் அப்படிச் சிக்குகிற முள் ஏது என்று கேட்கத் தெரியாத நான், முள் இறங்கட்டும் என்று வெறும் சோற்றை உருண்டை உருண்டையாக உருட்டி அவளுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.