பீரங்கி சாரின் அரியர்

மாலை ஐந்தரை மணிக்கே வலது கண்ணின் மேல் கறுப்புத் துணியைக் கட்டியாகிவிட்டது. இனி கிளம்பும் வரை அந்த வீட்டில் எந்தச் சாமானும் பத்திரம் இல்லை. பீரங்கி சார் தேநீரைத் தம்ளருக்கு ஒரு விரற்கடை தள்ளி மேசையில் ஊற்றுகிறார். அறைக்கு அறை போகும்போது வலது தோளை நிலையில் இடித்துக்கொள்கிறார். இடித்ததும் நின்று, தப்பு கதவுடையதுதான் என்பதுபோல் அதை ஒற்றைக் கண்ணால் முறைக்கிறார்.

"கண்ணு இருட்டுக்குப் பழகணும் தம்பி. அரை மணி போதும்தான். ஆனா நடுவுல யாராவது ஃபிரிட்ஜைத் திறந்துட்டாங்கன்னா போச்சு, முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்" என்பார்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் அவருக்குப் 'பீரங்கி சார்' என்று பெயர். பீரங்கி என்பது அவருடைய தொலைநோக்கி. கட்டடத்தூண் வார்க்கும் தடித்த அட்டைக் குழாய்க்குள், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு கண்ணாடியைப் பதித்து அவரே செய்தது. மாதத்துக்கு ஒருமுறை, நிலவில்லாத வாரத்தில், அதை மூன்று மாடி இறக்கி என் வேனில் ஏற்றுவோம். எனக்கு வானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. என்னிடம் வேன் இருக்கிறது. எங்கள் நட்புக்கு அஸ்திவாரம் அதுதான்.

அவர் தேடிப் போவது நிலவையோ, வளையம் போட்ட கிரகத்தையோ அல்ல. அதையெல்லாம் "ஷோகேஸ் பொம்மை" என்பார். அவருக்கு வேண்டியவை கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்தும் பார்வைக்கு ஒரு மங்கல் திட்டாகத் தெரிகிற தொலைதூரக் கூட்டங்கள். நான் ஒரு தடவை குழாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், கண்ணாடியில ஈரத்துணி பட்ட மாதிரி இருக்கு" என்றேன். புல்லரித்துப் போனார். "அதான்! அதேதான்! பார்த்துட்டீங்களே!"

இந்தத் திட்டுகளை நேராகப் பார்த்தால் மறைந்துவிடுமாம். சற்றுத் தள்ளிப் பார்த்தால்தான் கண்ணின் ஓரத்தில் வருமாம். "பக்கத்துல வேற யாரையோ தேடுற மாதிரி பார்க்கணும்." முப்பது வருடப் பழக்கம் பகலிலும் விடவில்லை. நம்மோடு பேசும்போது நம் காதைப் பார்த்துத்தான் பேசுவார். புதிதாக வருகிறவர்கள் காதைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள்.

பகலில் அவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். "மூச்ச நல்லா இழுங்க... பிடிங்க... அசையாதீங்க... விடுங்க." நாளைக்கு அறுபது தடவை சொல்லும் இந்த வாசகம் வாயோடு ஒட்டிக்கொண்டது. கண் வைக்கும் வில்லையில் மூச்சுப் பட்டால் பனி படியும் என்பதால் தொலைநோக்கி பார்க்க வருகிறவர்களுக்கும் இதே உத்தரவுதான். ஒரு கல்யாண வீட்டில் குழுப் படம் எடுத்தபோதும் பின்வரிசையிலிருந்து இந்தக் குரல் வந்ததாகச் சொல்கிறார்கள்.

எக்ஸ்ரேயில் என்ன தெரிகிறது என்று மட்டும் அவரிடம் கேட்டுப் பயனில்லை. "டாக்டர் சொல்வார்." படியில் விழுந்து என் மணிக்கட்டு வீங்கியபோது நானும் கேட்டேன். படத்தைப் பார்த்தார், முகம் சுவர் மாதிரி இருந்தது. "டாக்டர் சொல்வார் தம்பி." சொல்லிவிட்டு என் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு டாக்டர் அறை வரை கூடவே வந்தார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, எலும்பு போயிற்று.

அவர் மனைவி உயர்நிலைப் பள்ளிக் கணக்கு டீச்சர். அவரும் மனைவியை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுகிறார். கருணை மதிப்பெண் என்ற சொல்லே அந்த அம்மாவுக்குப் பிடிக்காது. ஒவ்வொரு பயணத்துக்கும் ஃப்ளாஸ்கும் கம்பளியும் எடுத்துக்கொண்டு வருவார், கொட்டாவி விடுவார், தொலைநோக்கிக்குள் பார்க்க மாட்டார். "நாள் முழுக்க பசங்க கையெழுத்தைப் பார்க்கிறேன். மங்கலா இருக்கிறத ராத்திரியும் பார்க்கணுமா?"

இந்த டீச்சரால்தான் அவருக்கு அந்த அரியர் விழுந்தது.

நகரத்தின் வானம் பார்ப்போர் மன்றத்தில் நானூறு மங்கல் திட்டுகள் கொண்ட ஒரு பட்டியல் உண்டு. ஒவ்வொன்றையும் சொந்தக் கண்ணால் பார்த்து, வட்டம் போட்டு அதற்குள் பென்சிலால் வரைய வேண்டும். பீரங்கி சார் பன்னிரண்டு வருடத்தில் நானூறையும் முடித்தார். சான்றிதழ் வாங்கிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் பொழுது போகாமல் அவருடைய வரைபட நோட்டையும் வானப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புரட்டியிருக்கிறார். தொலைநோக்கிக்குள் எல்லாம் தலைகீழ். மேல் கீழாகும், இடம் வலமாகும். அதனால் அவருடைய படங்கள் எல்லாம் புத்தகத்துக்குத் தலைகீழாகவே இருந்தன. ஒன்று மட்டும் நேராக இருந்தது. புத்தகத்தில் ஒரு நட்சத்திரம், அதன் இடப்பக்கம் ஒரு திட்டு. நோட்டிலும் இடப்பக்கமே திட்டு.

"என்னங்க இது, காப்பி அடிச்சிருக்கீங்க?"

அவர் நோட்டை வாங்கி வெகுநேரம் பார்த்தாராம். பொய் சொல்ல வேண்டும் என்று வரைந்தது இல்லை. புத்தகத்தில் பார்த்ததை மனம் வானத்தில் ஒட்டிவைத்திருக்கிறது. கண் சரி என்று தலையாட்டியிருக்கிறது. மறுநாளே சான்றிதழைக் கழற்றி மன்றத்துக்கு எடுத்துப் போனார். திரும்ப வாங்கிக்கொள்ள அங்கே வழிமுறையே கிடையாது. "நானூறுல ஒண்ணுதானே சார், யார் பார்க்கப் போறாங்க?" என்றார் செயலாளர்.

"நான்தான் பார்க்கணும். அதுதானே பிரச்சினை" என்றார் இவர். அன்றிலிருந்து அதற்கு 'அரியர்' என்று டீச்சர் பெயர் வைத்துவிட்டார்.

மறுபடி எழுதுவதிலும் ஒரு சிக்கல். திட்டு வலப்பக்கம் தெரிய வேண்டும் என்பது இப்போது அவருக்குத் தெரியும். ஆசைப்பட்ட கண் வலப்பக்கமும் ஒன்றைக் காட்டிவிடலாம். அதற்கு டீச்சரே ஒரு வழி செய்தார். பள்ளி அலுவலகக் கணினியிலிருந்து அந்தத் திட்டின் பெரிய படம் ஒன்றை அச்செடுத்து, தான் மட்டும் பார்த்துவிட்டு, வினாத்தாள் உறையில் போட்டுப் பசை ஒட்டினார். ஒட்டின இடத்தின் மேல் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

"இதுல உங்க புத்தகத்துல இல்லாத ஒண்ணு இருக்கு. அதை நீங்க வரைஞ்சு காட்டினா மார்க்."

எட்டு வருடம். அந்தத் திட்டு வருடத்துக்கு இரண்டு மாதம்தான் வசதியான இடத்தில் இருக்கும். பதினைந்து தடவை முயன்று, பதினான்கு தடவை நோட்டில் 'தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறார். ஒரே ஒரு தடவை 'தெரிந்த மாதிரி இருந்தது' என்று எழுதினார். "மாதிரிக்கு மார்க் கிடையாது" என்று டீச்சர் அதை அடித்துவிட்டார். உறை துணி அலமாரியில், புடவைகளுக்கு அடியில் கிடந்தது. ஒரு தடவைகூட அவர் அதைத் தொடவில்லை. நானாக இருந்தால் முதல் வாரமே ஆவியில் காட்டிப் பிரித்திருப்பேன்.

இந்த வருடம் கதை மாறிவிட்டது. நாங்கள் வழக்கமாகப் போவது நாற்பது கிலோமீட்டர் தள்ளி, கைவிட்ட ஒரு கல்குவாரி. அதை ஒட்டிப் பெரிய கிடங்கு ஒன்று எழும்பியிருக்கிறது. சுற்றிலும் பதினாறு விளக்குக் கம்பங்கள். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து இரவெல்லாம் எரியுமாம். விளக்குகளுக்கு மேல் ஒரு தகடு வைத்து மறைக்க முடியுமா என்று கேட்கப் பீரங்கி சார் அங்கே போனார். மேற்பார்வையாளர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இருட்டு எதுக்கு சார் உங்களுக்கு?"

"பார்க்கிறதுக்கு" என்றார் இவர், அந்த ஆளின் காதைப் பார்த்துக்கொண்டே. மேற்பார்வையாளர் காதைத் தடவிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

அதற்கடுத்த நல்ல இருட்டு இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால். என் வேனுக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. ஆக, இந்த மாதத்துப் பயணம்தான் கடைசி. ஒருவரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. டீச்சர் கொட்டாவி விடவில்லை என்பதிலிருந்தே தெரிந்தது.

ஒன்பது மணிக்குக் குவாரியில் கண்கட்டை அவிழ்த்தார். தொலைநோக்கியைத் திருப்பி, நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் தாவி, இடத்தைப் பிடித்தார். குனிந்தார். அந்த நேரம் பார்த்து என் சட்டைப்பையில் கைபேசி அலறியது. வீட்டிலிருந்து. பதறிப்போய் எடுத்தேனே, அதுதான் தப்பு. வெளிச்சம் முழுவதும் அவர் முகத்தில் அடித்தது.

எனக்குக் குவாரிக் குழியில் குதித்துவிடலாம் போல இருந்தது. கண் மறுபடி பழக அரை மணி ஆகும். திட்டோ மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. அவர் திட்டவில்லை. துணியைத் திரும்பக் கட்டிக்கொண்டு கம்பளியில் உட்கார்ந்தார். "மூச்ச விடுங்க தம்பி" என்றார். நான் அதுவரை விடாமல்தான் இருந்தேன்.

அரை மணி நேரம் மூன்று பேரும் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தோம். நடுவில் அவர் லேசாக ஆழம் பார்த்தார். "டீச்சர், அந்தத் திட்டுக்குப் பக்கத்துல எதுவும்..."

"ஹால்ல பேசக் கூடாது."

கட்டை அவிழ்த்து மறுபடி குனிந்தார். "மூச்ச இழுங்க... பிடிங்க..." என்று தனக்குத் தானே முணுமுணுத்தார். ஒற்றை விரலால் குழாயைத் தட்டினார். படம் ஆடினால் மங்கலானது கண்ணில் படுமாம். அப்புறம் சத்தமே இல்லை. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. கடைசியில் டீச்சர்தான், "போதும், விடுங்க" என்றார்.

டார்ச்சை நான் பிடித்தேன். சிவப்பு வெளிச்சம் கண்ணைக் கெடுக்காது என்பதால் அதன் கண்ணாடியில் டீச்சரின் நகப்பூச்சைப் பூசியிருந்தார். வட்டம் போட்டார். நட்சத்திரம். வலப்பக்கம் விரல் நுனியால் தேய்த்து ஒரு திட்டு. பிறகு திட்டின் கீழ் விளிம்பில் ஒரு புள்ளி வைத்தார், அழித்தார், போய்க் குனிந்து பார்த்தார், திரும்ப வந்து அதே இடத்தில் புள்ளி வைத்தார்.

"இதுக்கு நான் ஆசைப்படவே இல்ல டீச்சர். இது ஏன் இங்க இருக்குன்னு எனக்கே தெரியல."

டீச்சர் கொண்டையிலிருந்து ஊசியை உருவி, பையில் கொண்டு வந்திருந்த உறையைக் கிழித்தார். படத்தைத் தலைகீழாகத் திருப்பி நோட்டுக்குப் பக்கத்தில் வைத்து, விடைத்தாள் திருத்துகிற நிதானத்தோடு நட்சத்திரம், திட்டு, விளிம்பு என்று பேனா நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தார். பேனா ஓரிடத்தில் நின்றது. நோட்டில் ஏதோ போட்டு அவரிடம் நீட்டினார்.

அவர் பார்த்தார். நேராகப் பார்த்தார், தள்ளிப் பார்த்தார், நோட்டையே விரலால் தட்டிப் பார்த்தார்.

"ஒண்ணும் தெரியலையே டீச்சர். போடலையா?"

டீச்சர் தன் பேனாவைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். முப்பது வருடம் திருத்திய கை, பழக்கத்தில் சிவப்புப் பேனாவை எடுத்திருக்கிறது. சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு மை எங்கே தெரியும்?

"தம்பி, வேன் லைட்டப் போடுங்க" என்றார்.

"இருங்க, இருங்க!" என்று பீரங்கி சார் கத்தினார். கம்பளியில் துழாவிக் கறுப்புத் துணியை எடுத்து வலது கண்ணை இறுகக் கட்டிக்கொண்டார். "ம், இப்பப் போடுங்க."

வெள்ளை வெளிச்சத்தில், இடது கண்ணால் அவர் பார்த்தார். பக்கத்தின் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு சரி அடையாளம் இருந்தது. பத்துக்குப் பத்து என்று ஒரு வட்டமும் போட்டிருந்தார் டீச்சர். அவர் நோட்டை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். டீச்சரின் ஃப்ளாஸ்கையும் கம்பளியையும் பையையும் எடுத்து எல்லாவற்றையும் தன் தோளிலேயே மாட்டிக்கொண்டார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் எதிரே விளக்குகள் வந்துகொண்டே இருந்தன. கட்டு அப்படியே இருந்தது. குடியிருப்பில் குழாயை மூன்று மாடி ஏற்றி வைத்தபோதும் இருந்தது. வாசல் விளக்கைப் போட்டுவிட்டு நான் கேட்டேன். "சார், வேலைதான் முடிஞ்சுதே. கண்ணைத் திறக்கலாமே?"

"உள்ள இன்னும் கொஞ்சம் இருட்டு மிச்சம் இருக்கு தம்பி" என்று அவர் கட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பொத்திக்கொண்டார். வலது தோளை நிலையில் நன்றாக இடித்துக்கொண்டு உள்ளே போனார். கதவை முறைக்கவில்லை.