வரைபடத்தில் நகர்ந்த பணிய லயம்

பேய், முன்னறிவு, கனவில் வந்த சேதி, இவற்றில் எதையும் நான் ஒருநாளும் நம்பியதில்லை. வாயால் மட்டும் சொல்லவில்லை, மேடையில் நின்று நிரூபித்தவள். பதுளையில் பாடசாலைகளுக்கிடையே நடந்த விவாதப் போட்டியில் 'அமானுஷ்யம் என்பது அறியாமையின் மறுபெயரே' என்று வாதிட்ட அணிக்கு நான்தான் தலைவி. எதிரணித் தலைவன், தன் பெரியப்பா சுடுகாட்டில் கண்ட வெளிச்சத்தைப் பற்றி உருகி உருகிப் பேசி அமர்ந்தான். நான் எழுந்து, "நடுவர் அவர்களே, சாட்சி ஒருவர். அவரும் இன்று உயிரோடு இல்லை. பார்த்ததோ இருட்டில்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். மண்டபம் அதிர்ந்தது. அந்தக் கேடயம் இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஆகவே இனி நான் எழுதப்போவதை நீங்கள் எந்த முகத்தோடு வாசிப்பீர்கள் என்பதை நான் அறிவேன். நெடுநாள் நானும் அதே முகத்தோடுதான் இருந்தேன். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்: நான் பார்த்தது இருட்டில் இல்லை, பட்டப்பகலில். சாட்சியும் நான் ஒருத்தி மட்டுமில்லை.

பல்கலைக்கழகத்தில் நான் படித்தது புவியியல். இணையத்தில் ஓர் உலக வரைபடம் உண்டு. எவரும் திறந்து பார்க்கலாம், எவரும் திருத்தலாம், யார் எதைத் திருத்தினார்கள் என்பதும் பெயரோடு பதிவாகி நிற்கும். அதில் கொழும்பின் முடுக்குகளுக்குக்கூடப் பெயர் இருந்தது. பதுளைக்குப் பக்கத்து ஹாலிஎலயைத் தாண்டி மலையேறினால் வெறும் பச்சை. தேயிலை என்று பச்சை பூசியிருந்தார்களே தவிர, அந்தத் தேயிலைக்கு நடுவே தலைமுறை தலைமுறையாக நாங்கள் குடியிருக்கும் லயங்களை, ஒரே தகரக் கூரையின்கீழ் வரிசையாக ஒட்டிய வீடுகளை, எவரும் வரைந்திருக்கவில்லை. மண்சரிவு அபாயம் எங்கே என்று காட்டும் இன்னொரு தரவும் இருந்தது; அதையும் எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அபாயமான சரிவுகளுக்கு அதில் சிவப்பு நிறம். சிவப்பு இருந்தது, சிவப்பின்மேல் வீடு இருக்கவில்லை. வீடில்லாத சிவப்பு யாரை உறுத்தும்? செயற்கைக்கோள் படத்தில் தெரியும் தகரக் கூரைகளை அடியொற்றி லயங்களை வரைவது, வரைந்ததை நேரில் நடந்து சரிபார்ப்பது, பிறகு சிவப்பின்மேல் வைத்துக் காட்டுவது. இதுதான் என் ஆய்வு.

எங்கள் தோட்டத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அது அங்கே மிஞ்சியிருப்பவர்களுக்கு நான் கொடுத்த வாக்கு. எங்கள் பேச்சில் கீழே இருப்பதைப் 'பணிய' என்போம். நானும் அம்மாவும் மேட்டு லயம். அப்பாவின் தங்கை, என் செல்வராணி அத்தை, பணிய லயம். அந்த லயத்துக்குப் பின்னால் மலை செங்குத்தாக எழும். முன்னால் சரிந்து இறங்கி, லீக்ஸ் மரக்கறிப் பாத்திகளைத் தாண்டி ஆற்றில் முடியும். அபாயத் தரவில் பாத்திகளுக்கு மேலே அந்தச் சரிவு முழுவதும் அடர்சிவப்பு. மழைக்கு முன் பணிய லயத்துச் சனத்தை வேறிடம் மாற்றவேண்டும் என்று அரச காரியாலயத்தில் ஒரு கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. அதில் தோட்டத்து மக்களின் சார்பில் பேச என்னைத்தான் கேட்டிருந்தார்கள். மறுக்கமுடியாத சான்றோடு போய் நின்று, அத்தையை அந்தச் சரிவிலிருந்து இறக்கிவிடவேண்டும். என் படிப்புக்கு நான் கண்ட ஒரே பயன் அது.

பணிய லயத்தை முதன்முதலாக வரைந்தது விடுதியில் இருந்துதான். நீளமான ஒரே செவ்வகம். மறுநாள் திறந்தேன், செவ்வகம் சரிவில் இல்லை. கீழே, ஆற்றோரம், லீக்ஸ் பாத்திகளின்மேல் கிடந்தது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மலைநாட்டில் செயற்கைக்கோள் படம் நிலத்தோடு பொருந்தாமல் சற்று விலகி விழும். அதை நம்பி வரைந்தால் வீடும் விலகி நிற்கும். விலகல் பிழை என்பது எங்களுக்கு முதல் பாடம். யாரோ திருத்தியிருக்கலாம் என்று மாற்றப் பதிவையும் பார்த்தேன். எனக்குப் பிறகு எவரும் தொடவில்லை. சரி, நானேதான் பிழையாக வரைந்திருக்கிறேன் என்று முடிவுகட்டி, இழுத்து மேலே வைத்தேன். அடுத்த முறை திறந்தபோது மறுபடியும் ஆற்றோரம்.

விலகலைத் தீர்க்க வழி ஒன்றுண்டு. கைப்பேசியோடு அந்தக் கட்டடத்தைச் சுற்றி நேரில் நடந்தால், நடந்த தடம் கோடாகப் பதியும். அந்தக் கோட்டுக்குப் படத்தைப் பொருத்திக்கொள்ளலாம். விடுமுறைக்கு வந்ததும் பணிய லயத்துக்கு இறங்கினேன். மதியம் திரும்பியிருந்தது. பனிமூட்டம், எங்கள் பேச்சில் மிஸ்ட், இறங்கிக்கொண்டிருந்தது. அத்தை பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வாங்க பேச்சாளரம்மா! என்னா, போன கையில ஏந்திக்கிட்டு லயத்தச் சுத்துற? கோயில் பிரகாரமா இது?"

"ஒங்க வீட்ட ஒலகப் படத்துல ஏத்துறேன் அத்தை."

"ஏத்துனா தகரம் ஒழுகாதா?"

"ஒழுகுற தகரத்த விட்டே ஒங்கள வெளிய கொண்டுபோறதுக்குத்தான்."

"பேச்சப் பாரு. எனக்கு மட்டும் ஒரு மகன் இருந்திருந்தா ஒன்னக் கட்டி வச்சு அந்த வாய அடக்கியிருப்பேன், மருமகளே. சுத்திட்டு வா, தேத்தண்ணிக்குத் தண்ணி வைக்கிறேன்."

சுற்றி முடித்து அவள் காம்பராவின், லயத்தில் அவளுக்கிருந்த ஒற்றை அறையின், படியில் வந்து நின்றேன். அந்தப் படி என் காலடியில் குளிர்ந்தது. அதில் ஐயமே இல்லை. கைப்பேசியைப் பார்த்தேன். என்னைக் குறிக்கும் நீலப் புள்ளி ஆற்றோரத்தில் நின்றது. நான் நடந்த தடமும் அங்கேதான், பாத்திகளுக்கு நடுவே, ஒரு லயத்தைச் சுற்றியதுபோல் நீள்வட்டமாகப் பதிந்திருந்தது. கருவி பழுது, மலை மறைக்கிறது, மிஸ்ட் மறைக்கிறது என்று காரணங்களை அடுக்கிக்கொண்டே, புள்ளி காட்டிய இடத்தையும் பார்த்துவிடுவோமென்று கீழே இறங்கினேன்.

நம்புங்கள், நம்பாமல் போங்கள். லீக்ஸ் பாத்தி நடுவே நான் போய் நின்றதும் விறகுப் புகை மணத்தது. பக்கத்தில் வீடே இல்லை. யாரோ அம்மியில் எதையோ நசுக்கும் ஓசை கேட்டது. ஒரு குழந்தை சிணுங்கி அடங்கியது. கேத்தல் மூடி கொதியில் தடதடத்தது. மேலேயிருந்து காற்றில் வருகிறது என்று நினைத்துத் தலையைத் தூக்கினேன், ஓசை குறைந்தது. குனிந்தேன், கூடியது. என் செருப்புக்கு அடியில், ஈர மண்ணுக்குள்ளே, ஒரு லயத்தின் பின்னேரம் நடந்துகொண்டிருந்தது. பிறகு அத்தையின் குரல், காதுக்குப் பக்கத்தில் பேசுவதுபோல் அவ்வளவு தெளிவாக: "மருமகளே, தேத்தண்ணி ஆறுது. வா."

மூச்சிரைக்க மேலே ஏறி ஓடினேன். அத்தை அடுப்படியில் குந்தி ஊதுகுழலை ஊதிக்கொண்டிருந்தாள்.

"கூப்பிட்டீங்களே..."

"நானா? வெறகு நனைஞ்சு கெடக்கு, தண்ணி இன்னும் கொதிக்கவே இல்ல. என்னா புள்ள, மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு?"

மலைப் பள்ளத்தில் ஒலி எதிரொலித்திருக்கும் என்று எனக்கு நானே தீர்ப்பளித்தேன். அன்றே லயத்தை அதன் இடத்தில் திரும்ப வைத்தேன். கூட்டத்துக்கு முதல்நாள் அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறந்து பார்த்தேன். பணிய லயம் சிவப்பின் நடுவே சரியாக நின்றது. "இதுதானே செல்வராணி வீடு?" என்று அம்மா விரல் வைத்துக் காட்டினாள். சாட்சி ஒருவரல்ல என்று நான் சொன்னது இதைத்தான்.

கூட்டத்தில் நான் பேசியதைப்போல் எந்த மேடையிலும் பேசியதில்லை. முகவரி இல்லாத மக்களைப் பற்றிப் பேசினேன். வரையப்படாத வீடு இடிந்தால் அது செய்தியாகக்கூட இடியாது என்றேன். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்த அதிகாரி, நல்ல மனிதர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். "இதோ சான்று" என்று திரையில் வரைபடத்தைத் திறந்தேன்.

பணிய லயம் ஆற்றோரம் கிடந்தது. இம்முறை ஒரே செவ்வகமாக இல்லை. துண்டு துண்டாக, ஒவ்வொரு காம்பராவும் ஒவ்வொரு பக்கம் திரும்பி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி. சிவப்பு வலயம் முடிந்து, அதற்கும் கீழே.

"பிள்ளை, நல்லாத்தான் கதைச்சனீங்கள்" என்றார் அதிகாரி மெதுவாக. "ஆனா உங்கட படத்திலயே வீடுகள் சிவப்புக்கு வெளியில எல்லோ நிக்குது?"

"அது விலகல் ஐயா. வீடுகள் இருக்கும் இடத்தைப் படம் பிழையாகக் காட்டுகிறது."

"அப்ப சிவப்பும் விலகியிருக்கலாம்தானே?"

எதிரணியில் நான் இருந்திருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர்தான் பின்வரிசையிலிருந்து எழுந்தார். "ஐயா, நாங்க எங்க குடியிருக்கோம்னு எங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியும் அண்ணை, எனக்கும் தெரியும். ஆனா மேல அனுப்பிறதுக்குப் படம் ஒழுங்கா வேணும். இல்லாட்டித் திருப்பி அனுப்பிப்போடுவினம். மழை விடட்டும், நானே நேரில வந்து பாக்கிறன்."

மழை விடவில்லை. தீபாவளி கழிந்தும் விடவில்லை. ஒருநாள் காலையில் பெரட்டுக்கு, அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போனவர்களை, இந்த மழையில் மலைக்குப் போகமுடியாது, இன்றைக்கு வேலை இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். வேலை கொடுத்திருந்தால் எல்லோரும் அடுத்த மலையில் இருந்திருப்பார்கள். வழியில் நின்று பேசியவர்களும் கடைக்குப் போனவர்களும் தப்பினார்கள். என் அத்தை நடையில் வேகமானவள். எப்போதும் முதலில் வீடு சேர்பவள். நாங்கள் மேட்டு லயத்தில் கேட்டது இடிபோன்ற ஒரு சத்தம். ஓடிவந்து பார்த்தபோது பணிய லயம் இருந்த இடத்தில் சிவந்த மண் மட்டும் இருந்தது. நீர் வடிந்துகொண்டிருந்தது.

மீட்க வந்தவர்கள் லயம் இருந்த இடத்தில்தான் தோண்டினார்கள். அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, நான் கைப்பேசியைத் திறந்தேன். கூட்டத்துக்குப் பிறகு அதைத் திருத்த எனக்கு மனம் வந்திருக்கவில்லை. துண்டுகள் அப்படியே கிடந்தன. "கீழே தோண்டுங்கள்" என்றேன். ஏனென்று ஒருவர் கேட்டார். படத்தைக் காட்டினேன். அவர் என் முகத்தை ஒருமாதிரி பார்த்துவிட்டு ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டு போனார். ஒவ்வொரு துண்டின் அடியிலும் ஒரு காம்பரா இருந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை. ஒருவர்கூட உயிரோடு இல்லை. அத்தையை எடுத்தபோது கேத்தலும் கூடவே வந்தது. அன்றைக்கு அவள் தண்ணீர் கொதிக்க வைத்திருந்தாளா என்று கேட்க யாரும் மிஞ்சவில்லை. அதிகாரி வந்தார், குடையை மடக்கிவிட்டு மழையிலேயே நின்றார், பிறகு போனார். அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

பிறகு புதிய செயற்கைக்கோள் படம் வந்தது. மண்சரிவுக்குப் பின் எடுத்தது. நான் வரையாத, யாருமே வரையாத அந்தத் துண்டுகள், மண்ணில் செருகிக்கிடந்த தகரங்களோடு ஓரம் பிசகாமல் பொருந்தின. ஆய்வை முடித்துத் தரும்படி பேராசிரியர் கேட்டுக்கொண்டே இருந்ததால் முடித்தும் கொடுத்தேன். இடப்பொருத்தம் பற்றிய பகுதியில் பணிய லயத்துக்கு நேரே 'பிழை: பூச்சியம்' என்று எழுதினேன். அது உண்மைதான். மிக நேர்த்தியான வேலை என்று பாராட்டினார்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்கமாட்டேன். மேடையேறுவதையும் விட்டுவிட்டேன்; நம்பவைப்பதற்கு எனக்கு இனி யாரும் தேவையில்லை.

மேட்டு லயம் சிவப்பில் இல்லை. அபாயத் தரவில் அங்கே ஒரு நிறமும் இல்லை. அதை வரைந்ததும் நான்தான். போன வாரம் திறந்தபோது, எங்கள் வீட்டு மூலை, லயத்துக்குக் கீழே போகும் பாதையின்மேல் நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்துச் சரியாக வைத்தேன். மறுநாள் மறுபடியும் நீட்டிக்கொண்டிருந்தது, முந்தியதைவிடச் சற்றுக் கூட. பதிவில் எனக்குப் பிறகு எவரும் தொடவில்லை. நேற்று முழு லயமும் பாதைக்குக் கீழே நின்றது.

இன்று காலை அம்மாவிடம் காட்டினேன். பெரட்டுக்குப் போக, கொழுந்து பறிக்கும்போது கட்டும் படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் செல்வராணி வீட்டைத் தொட்டுக்காட்டிய அதே விரலால் எங்கள் வீட்டைத் தொட்டுப் பார்த்தாள். அவள் பயப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"சரி, போயிருவோம்" என்றாள். "எங்க போறதுன்னு அதே படத்துல பாத்துச் சொல்லு."

கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். நான் படத்தைப் பெரிதாக்கினேன், சிறிதாக்கினேன். ஹாலிஎல வரை தேடினேன், வெலிமடைப் பக்கம் தேடினேன். எங்கும் பச்சை. அந்தப் பச்சையில் எங்கள் லயத்தை இழுத்து வைக்க, எங்களுடையது என்று ஒரு விரல் அகலம் இல்லை. மழை தூறத் தொடங்கியிருக்கிறது. இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.